மின்னதிர்வு சிகிச்சையும் மனச்சோர்வுற்ற மூளையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடுமையான மனச்சோர்வுக்கு இ.சி.டி. கொடுத்துப் பார்க்கலாம் என்று மனநல மருத்துவர் சொன்னால், நாம் வீடு வந்து சேர்வதற்குள் ‘ஷாக் வைக்கப் போகிறார்களாம்’ என்ற பேச்சு உறவு முழுக்கப் பரவிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியம்மாவுக்கு இந்தச் சிகிச்சை நடந்தபோது எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தவித்த நான், அதன்பின் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். இந்தச் சிகிச்சை மூளையின் வலையமைப்புகளை என்ன செய்கிறது என்ற கேள்விக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பயமும் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது, நம்பிக்கையும் அதிலிருந்துதான் பிறந்தது.

இ.சி.டி. என்பது என்ன? ஊரில் ‘கரண்ட் ஷாக்’ என்று சொல்வது இதைத்தானா?

இதைத்தான். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்த பிறகு, தலையில் இரண்டு மின்முனைகளை வைத்து, மிகக் குறுகிய துடிப்புகளாக மின்சாரத்தைச் சில விநாடிகள் செலுத்தி, மூளையில் ஒரு வலிப்பை வேண்டுமென்றே எழுப்புவதுதான் மின்னதிர்வு சிகிச்சை. வலிப்பு பெரும்பாலும் 20 முதல் 60 விநாடி வரை நீடித்து அடங்கிவிடும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறையாக மொத்தம் 6 முதல் 12 அமர்வுகள் கொடுப்பது வழக்கம்.

கட்டிலில் கட்டிப்போட்டு, உடம்பு தூக்கித் தூக்கிப் போட, நோயாளி அலறுவதாகத் திரைப்படங்களில் காட்டுவார்கள். உண்மையில் அந்த அறையில் நடப்பது வேறு. மயக்க மருந்தோடு சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்ச்சி மருந்தும் கொடுப்பதால் உடம்பு அனேகமாக அசைவதே இல்லை. ஆனால் வலிப்பு வந்ததா, எத்தனை விநாடி நீடித்தது என்று மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும் அல்லவா? அதற்காக, தசைத் தளர்ச்சி மருந்தைச் செலுத்துவதற்குச் சற்று முன், ஒரு கணுக்காலுக்கு மேல் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறுக்கிவிடுகிறார்கள். அந்த மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போய்ச் சேராது. உடம்பெல்லாம் அசையாமல் கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் துடிக்கும். துடிப்பு நிற்கும் வரை ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். மூளை அலைகளை இ.இ.ஜி. தாள் தனியாகப் பதிவு செய்துகொண்டிருக்கும்.

இவ்வளவு பயம் எங்கிருந்து வந்தது?

அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. 1934இல் புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெடுனா மருந்து கொடுத்து வலிப்பை வரவழைத்து மனநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். 1938இல் ரோம் நகரில் உகோ செர்லெட்டியும் லூச்சோ பினியும் மருந்துக்குப் பதிலாக மின்சாரத்தைப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்தும் கிடையாது, தசைத் தளர்ச்சி மருந்தும் கிடையாது; வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள் இருந்தார்கள். இந்த இரண்டு மருந்துகளும் 1950களில் சேர்ந்த பிறகுதான் சிகிச்சை இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஆனாலும் பழைய முறை பல இடங்களில் நெடுங்காலம் தொடர்ந்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் இ.சி.டி. கொடுப்பதை முற்றாகத் தடை செய்துவிட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. தவிர்க்க முடியாது என்று மருத்துவர் கருதினால் பாதுகாவலரின் சம்மதத்தோடு மனநல வாரியத்தின் முன் அனுமதியும் வாங்கியாக வேண்டும்.

மூளையின் ‘வலையமைப்பு’ என்று சொல்கிறார்களே, அது என்ன? அதை எப்படிப் பார்க்கிறார்கள்?

மூளையில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அறை ஒதுக்கப்பட்டிருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள பல பகுதிகள் கூட்டாகவே ஒரு வேலையைச் செய்கின்றன. அப்படிச் சேர்ந்து இயங்கும் பகுதிகளின் கூட்டத்தைத்தான் வலையமைப்பு என்கிறார்கள்.

இதைக் கண்டறியும் முறையைப் புரிந்துகொள்ள நம் தெருவை நினைத்துக்கொண்டால் போதும். மாலையில் மின்னழுத்தம் குறையும்போது சில வீடுகளின் விளக்குகள் ஒரே கணத்தில் மங்கி, ஒரே கணத்தில் பிரகாசமாகின்றன. எதிர்வரிசை வீடுகளில் அப்படி ஆவதில்லை. கம்பி எப்படிப் போகிறது என்று பார்க்காமலேயே, சேர்ந்து மங்கும் வீடுகள் எல்லாம் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்தவை என்று சொல்லிவிடலாம். மூளை ஸ்கேனிலும் இதையே செய்கிறார்கள். நோயாளி எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் எதுவும் செய்யாமல் சில நிமிடங்கள் படுத்திருக்க, மூளையின் ஒவ்வொரு சிறு பகுதியிலும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மெதுவாக ஏறி இறங்குவதைக் கருவி பதிவு செய்கிறது. எந்தெந்தப் பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றனவோ அவற்றுக்கிடையே ‘செயல் இணைப்பு’ இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். விளக்குகளைப் பார்த்துக் கம்பியை ஊகிப்பது போன்ற அளவுதான் இது என்பதை மறக்கக் கூடாது. ‘இணைப்பு குறைந்தது’ என்று ஆய்வு சொல்லும்போது எந்த நரம்பும் அறுந்துவிட்டதாக அர்த்தமில்லை. இரண்டு பகுதிகளின் தாளம் முன்பு போல ஒத்துப்போகவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

மனச்சோர்வில் இந்த வலையமைப்புகளுக்கு என்ன நேர்கிறது?

மூன்று வலையமைப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, நாம் சும்மா இருக்கும்போது தன்னைப் பற்றியும் கடந்ததைப் பற்றியும் அசைபோடும்போது இயங்குவது. 2001இல் செயின்ட் லூயிஸ் நகரில் மார்கஸ் ரெய்க்லியும் அவருடைய குழுவினரும் இதை மூளையின் இயல்புநிலை என்று விவரித்தார்கள். இரண்டாவது, கவனத்தைச் செலுத்தித் திட்டமிட்டு ஒரு காரியத்தைச் செய்யும்போது இயங்குவது. மூன்றாவது, உணர்ச்சிகளைக் கையாள்வது. நலமாக இருக்கும் ஒருவரிடம், வேலையில் இறங்கியவுடன் முதலாவது பின்வாங்கி இரண்டாவது முன்னுக்கு வரும்.

மனச்சோர்வில் இந்த ஒதுங்கிக்கொள்ளுதல் சரிவர நடப்பதில்லை. 2010இல் அதே செயின்ட் லூயிஸில் இவெட் ஷெலைன் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களின் நெற்றிப் பகுதியில், நடுக்கோட்டை ஒட்டிய மேற்புறத்தில், ஓர் இடம் இந்த மூன்று வலையமைப்புகளுடனும் அளவுக்கு மீறி இணைந்திருப்பது தெரியவந்தது. மூன்று தெருவின் மின்கம்பிகளையும் ஒரே கம்பத்தில் இழுத்துக் கட்டியது போன்ற நிலை அது. செக்குமாடு போல ஒரே நினைப்பில் சுற்றுவது, சின்ன வேலையிலும் மனம் ஒன்றாமல் போவது, துக்கம் உடம்பையே அமுக்குவது ஆகிய மூன்றும் மனச்சோர்வில் ஏன் பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வருகின்றன என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்று அந்தக் குழு கருதியது. என் பெரியம்மா அந்த நாட்களில் அரிசி களைந்துகொண்டே இருப்பார். எப்போதோ ஒருவரிடம் பேசிய கடுஞ்சொல்லை நினைத்து அழுவார். தண்ணீர் பாத்திரத்தைத் தாண்டி வழிந்து தரையில் ஓடும். அந்தக் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் இதுவரை படிக்கவில்லை.

இ.சி.டி. இந்த இணைப்புகளை மாற்றுகிறது என்பதற்கு என்ன சான்று?

அதிகம் பேசப்பட்ட சான்று ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்திலிருந்து 2012இல் வெளிவந்தது. ஜெனிஃபர் பெரின், கிறிஸ்டியன் ஷ்வார்ஸ்பாவர், இயன் ரீட் ஆகியோர் அடங்கிய குழு, கடுமையான மனச்சோர்வு உள்ள 9 பேரைச் சிகிச்சைக்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டது. ‘இந்த இடத்தில்தான் மாற்றம் இருக்கும்’ என்று முன்கூட்டியே ஓர் இடத்தைக் குறிவைக்காமல், மூளை முழுவதையும் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் எவ்வளவு ஒத்துத் துடிக்கிறது என்று கணக்கிட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு ஓர் இடத்தில் இணைப்பு தெளிவாகக் குறைந்திருந்தது: இடது நெற்றிப் பகுதியின் மேல்பக்க வெளிப்புறமும் அதைச் சுற்றியுள்ள பகுதியும். நோயாளிகளின் மனச்சோர்வும் அதோடு சேர்ந்து குறைந்திருந்தது.

இதிலிருந்து அவர்கள் வந்த முடிவு, மனச்சோர்வு என்பது குறைந்தது ஓரளவுக்காவது ‘மிகை இணைப்பு’ நோயாக இருக்கலாம், இ.சி.டி. அந்த மிகையைத் தணிக்கிறது என்பது. 70 ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுக்கப்பட்டுவந்தும் எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல முடியாமல் இருந்த ஒரு சிகிச்சைக்கு, அளந்து காட்டக்கூடிய ஒரு விளக்கம் கிடைத்தது பெரிய செய்திதான். என்றாலும் 9 பேர் என்பது 9 பேர்தான். அந்த எண்ணைச் சொல்லாமல் இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவது நோயாளிக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் கருத்து.

அப்படியானால் இணைப்பைக் குறைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் வேலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவ்வளவு நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் சில இடங்களில் இணைப்பு குறைந்ததாகவும், வேறு சில இடங்களில், குறிப்பாக நினைவுக்கும் உணர்ச்சிக்கும் முக்கியமான ஹிப்போகாம்பஸைச் சார்ந்த பாதைகளில், கூடியதாகவும் பதிவு செய்துள்ளன. ஆய்வுக்கு ஆய்வு நோயாளிகளின் வயது, கூடவே சாப்பிட்ட மருந்துகள், மின்முனைகளை வைத்த இடம், கடைசி அமர்வுக்கு எத்தனை நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள் என்பதெல்லாம் வேறுபடுவதால், முடிவுகளும் முழுக்க ஒத்துப்போவதில்லை. வலையமைப்புகளுக்கு இடையிலான விகிதம் திரும்ப அமைகிறது, அந்த மாற்றத்தில் நெற்றிப் பகுதிக்கும் ஹிப்போகாம்பஸ் அடங்கிய உட்பகுதிக்கும் பெரும் பங்கு இருக்கிறது என்று சொல்வதே சான்றுகளோடு பொருந்துகிறது.

வலிப்பு வந்தால் போதுமா, மின்சாரம் எங்கே பாய்கிறது என்பதும் முக்கியமா?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. வலிப்பு வந்துவிட்டால் போதும், மின்சாரம் வெறும் தீக்குச்சிதான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஹரால்ட் சாக்கைமும் அவருடைய நியூயார்க் குழுவினரும் 96 நோயாளிகளைக் கொண்டு செய்து 1993இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் குலைத்தது. வலது பக்கத்தில் மட்டும் மின்முனைகளை வைத்துக் குறைந்த அளவு மின்சாரம் கொடுத்தபோது போதுமான வலிப்பு வந்தது, ஆனால் 17 விழுக்காட்டினருக்கே பலன் கிடைத்தது. அதே வலது பக்கத்தில் மின்சாரத்தின் அளவைக் கூட்டியபோது 43 விழுக்காட்டினர் பலன் பெற்றார்கள். இரு பக்கமும் வைத்தபோது குறைந்த அளவிலேயே 65 விழுக்காட்டினருக்கும், கூடிய அளவில் 63 விழுக்காட்டினருக்கும் பலன் கிடைத்தது.

எல்லாருக்கும் வலிப்பு வந்திருக்கிறது, எல்லாரும் குணமாகவில்லை. ஆகவே வலிப்பு எந்தப் பாதைகளில் தொடங்கி எப்படிப் பரவுகிறது என்பது முக்கியம் என்றாகிறது. வலையமைப்பு பற்றிய பேச்சு ஸ்கேன் படங்களிலிருந்து பிறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில், அதற்கான தேவை இந்த நான்கு எண்களிலேயே தெரிந்துவிட்டது. வலது பக்கம் மட்டும் வைத்தால் நினைவுப் பாதிப்பு குறைவு என்பதால், இன்று போதுமான அளவு மின்சாரத்தோடு அந்த முறையையே முதலில் தேர்ந்தெடுக்கும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள்.

ஒரு நிமிடம்கூட நீடிக்காத வலிப்பு எப்படி வாரக்கணக்கில் நிற்கும் மாற்றத்தை உண்டாக்குகிறது?

வலிப்பைவிட, வலிப்பை மூளை அடக்குவதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று கருதுவோர் பலர். வலிப்பு தானாக நிற்பதில்லை; மூளை தன் அடக்கும் ஆற்றலை எல்லாம் திரட்டி அதை நிறுத்துகிறது. இ.இ.ஜி. தாளில் மலைமலையாக எழுந்த அலைகள் சட்டென்று தட்டையான கோடாவது அந்த அடக்கத்தின் தடம்தான். அமர்வுகள் கூடக்கூட, வலிப்பை எழுப்ப முன்பைவிட அதிக மின்சாரம் தேவைப்படுவது சிகிச்சை அறையில் அன்றாடம் பார்க்கும் உண்மை. அதாவது, வலிப்பை வரவழைக்கும் இந்தச் சிகிச்சை மூளையை வலிப்புக்கு எதிராகப் பலப்படுத்துகிறது. நரம்புகளின் துடிப்பை அடக்கும் காபா என்ற வேதிப்பொருள் சிகிச்சைக்குப் பிறகு மூளைப் புறணியில் கூடியிருப்பதையும் அளந்திருக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்விலும், சிகிச்சைக்குப் பின் இ.இ.ஜி.யில் தெரியும் மாற்றம் மூளையின் அடக்கும் செயல்பாடு கூடியதன் அடையாளமாக இருக்கலாம் என்று விளக்கியிருக்கிறார்கள். மிகையாகச் சேர்ந்து துடித்த பகுதிகள் பிறகு ஏன் தனித்தனியாகத் துடிக்கின்றன என்பதற்கு இது பொருத்தமான காரணமாகப் படுகிறது.

இரண்டாவது விளக்கம் வளர்ச்சியைப் பற்றியது. விலங்குகளில் இதே போன்ற வலிப்பை உண்டாக்கியபோது ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் கூடுதலாகப் பிறப்பதையும், நரம்பு வளர்ச்சிக்கு உதவும் புரதங்கள் கூடுவதையும் கண்டிருக்கிறார்கள். முதலில் எலிகளிலும், பிறகு குரங்குகளிலும் இது உறுதியானது.

மனிதர்களிலும் ஹிப்போகாம்பஸ் பெரிதாகிறதாமே? அதனால்தான் நோய் குணமாகிறதா?

முதல் பாதி சரி. பல நாட்டு ஆய்வு மையங்கள் தங்கள் ஸ்கேன்களை ஒன்றாகத் திரட்டி, நார்வேயின் பெர்கன் நகரைச் சேர்ந்த லெய்ஃப் ஒல்டெடால் முன்னின்று நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. 281 நோயாளிகளின் ஸ்கேன்களை வைத்து, இ.சி.டி.க்குப் பிறகு ஹிப்போகாம்பஸின் பருமன் கூடுகிறது என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. அமர்வுகளின் எண்ணிக்கை கூடக்கூடப் பருமனும் கூடியது. வலது பக்கத்தில் மட்டும் மின்முனை வைத்தவர்களுக்கு வலது ஹிப்போகாம்பஸே அதிகம் பெருத்தது. மின்சாரம் போன வழியிலேயே மாற்றமும் போயிருக்கிறது.

இரண்டாவது பாதிக்குத்தான் அந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. ஹிப்போகாம்பஸ் அதிகம் பெருத்தவர்கள் அதிகம் குணமானவர்களாக இல்லை. ஸ்வீடனில் ஒரு சிறு குழுவைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஆறு மாதத்துக்குள் அந்தப் பருமன் பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. ‘இ.சி.டி. மூளையை வளர்க்கிறது’ என்று ஆர்வத்தோடு எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாற்றம் உண்மை, ஆனால் அளக்கக் கிடைத்த மாற்றம் எல்லாம் குணமாக்கும் மாற்றம் ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை மறைத்துத் தரும் நம்பிக்கை, நாளை ஒருவருக்குப் பலனளிக்காமல் போகும்போது அவரைக் கூடுதலாக வதைக்கும்.

மூளைக்குச் சேதம் ஏற்படுமா?

ஸ்கேன்களில் மூளைத் திசு சிதைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. நரம்பணுக்கள் அழியும்போது இரத்தத்தில் கசியும் பொருள்களை இ.சி.டி.க்குப் பின் அளந்துபார்த்த ஆய்வுகளிலும் அவை கூடவில்லை. முதுமையில் மறதிநோய் வருமோ என்ற அச்சத்துக்கு டென்மார்க் பதில் தந்திருக்கிறது. மனநிலைக் கோளாறுள்ள ஏறத்தாழ 1,68,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டபோது, இ.சி.டி. பெற்றவர்களுக்கு மறதிநோய் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை. உயிராபத்து மிகவும் குறைவு. பல நாடுகளின் பதிவுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி ஒரு லட்சம் அமர்வுகளுக்கு இரண்டு இறப்பு என்ற அளவில் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிறு சிகிச்சைக்கும் உள்ள ஆபத்தோடு இதை ஒப்பிடலாம்.

நினைவு போய்விடும் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கண்விழித்தவுடன் சிறிது நேரம் குழப்பம் இருக்கும். பெயர், இடம், கிழமை கேட்டால் தடுமாறுவார்கள். சிகிச்சை நடக்கும் வாரங்களில் புதிதாகக் கேட்டது மனத்தில் நிற்பது கடினம். 84 ஆய்வுகளைத் தொகுத்து டப்ளினிலிருந்து மரியா செம்கோவ்ஸ்காவும் டெக்லன் மக்லாக்லினும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, சோதனைகளில் தெரியும் இத்தகைய குறைபாடுகள் பெரும்பாலும் கடைசி அமர்வுக்குப் பின் முதல் சில நாட்களோடு நின்றுவிடுகின்றன என்றும், இரண்டு வாரம் கடந்தபின் பல திறன்கள் சிகிச்சைக்கு முன் இருந்ததைவிட மேம்படுகின்றன என்றும் காட்டியது. மனச்சோர்வே நினைவாற்றலைக் கெடுக்கும் நோய் என்பதால் இது வியப்பில்லை.

ஆனால் சொந்த வாழ்க்கையின் நினைவுகள் வேறு வகை. லண்டனில் டயனா ரோஸும் குழுவினரும் நோயாளிகளின் அனுபவங்களைத் திரட்டி 2003இல் எழுதியபோது, குறைந்தது மூன்றில் ஒருவர் நிலைத்த நினைவிழப்பைக் கூறியிருந்தார்கள். பொதுவாகச் சிகிச்சைக்கு முந்திய சில மாதங்களின் நினைவுகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. என் பெரியம்மாவுக்குத் தன் பேத்தியின் காதுகுத்து நினைவில் இல்லை. முதல் அமர்வுக்கு ஐந்து வாரம் முன்பு குலதெய்வக் கோயிலில் நடந்தது அது. படத்தைக் காட்டினோம், குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு, பட்டுப்புடவையில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தன்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாள் அவருக்குத் திரும்பி வரவில்லை. இதையும் சொல்லிவிட்டு, இந்தச் சிகிச்சை அவரை எங்களுக்குத் திருப்பித் தந்தது என்பதையும் சொல்கிறேன், இரண்டும் உண்மை.

நினைவும் மனநிலையும் ஒரே வலையமைப்புகளைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்றுவது எளிதாக இல்லை. மின்துடிப்பின் நீளத்தை அரை மில்லி விநாடிக்கும் கீழே குறைப்பது, ஒரு பக்கம் மட்டும் கொடுப்பது ஆகிய வழிகளில் இந்த இழப்பைக் குறைத்துவருகிறார்கள்.

காந்தத்தால் தூண்டும் சிகிச்சையும் இதே இடத்தைத்தான் மாற்றுகிறதா?

டி.எம்.எஸ். எனப்படும் அந்தச் சிகிச்சை வழக்கமாகக் குறிவைப்பது இடது நெற்றிப் பகுதியின் மேல்பக்க வெளிப்புறத்தை. அபர்டீன் ஆய்வில் மாற்றம் தெரிந்ததும் அந்தப் பகுதியை ஒட்டித்தான். மயக்க மருந்தும் வலிப்பும் அதற்குத் தேவையில்லை. ஆனால் உணவை மறுத்துக் கிடக்கும் அளவுக்கு, அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முற்றிய அளவுக்கு நோய் போய்விட்டால், வேகமும் பலமும் கொண்டது இ.சி.டி.தான்.

எத்தனை பேர் குணமாகிறார்கள்? நோய் திரும்பி வருமா?

மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிலையில் வருபவர்களில்கூடப் பாதிக்கு மேற்பட்டவர்கள் நலம் பெறுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சார்ல்ஸ் கெல்னரும் குழுவினரும் மின்முனை வைக்கும் மூன்று முறைகளை ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், நோய்க்குறிகள் அனேகமாக முழுதும் நீங்கியவர்கள் 55 முதல் 64 விழுக்காடு வரை இருந்தார்கள். முதியவர்களுக்கும், இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகளோடு வரும் மனச்சோர்வுக்கும் பலன் இன்னும் கூடுதல்.

திரும்பி வருவதுதான் பெரிய சிக்கல். 2001இல் சாக்கைம் குழு வெளியிட்ட ஆய்வில், குணமானவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரை மட்டும் கொடுத்தபோது 24 வாரத்துக்குள் 84 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தவர்களுக்கு 60 விழுக்காடு. அதோடு மனநிலையைச் சீராக்கும் லித்தியம் என்ற மருந்தும் சேர்த்தபோது 39 விழுக்காடாகக் குறைந்தது. வலையமைப்பு ஒருமுறை திருத்தி அமைக்கப்பட்டதும் அப்படியே நிலைத்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ‘அதுதான் கரண்ட் வைத்துச் சரியாகிவிட்டதே’ என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. சிலருக்கு மாதம் ஒருமுறை என்ற கணக்கில் இ.சி.டி.யையே தொடர்ந்து கொடுப்பதும் உண்டு.

முன்கூட்டியே ஸ்கேன் எடுத்து, ஒருவருக்குப் பலனளிக்குமா என்று சொல்ல முடியுமா?

ஆய்வுக்கூடங்களில் முயன்றுவருகிறார்கள். சிகிச்சைக்கு முந்திய இணைப்பின் வடிவத்தை வைத்து யார் குணமாவார்கள் என்று ஊகிக்க கணினியைப் பழக்கியதில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்துள்ளன. ஆனால் அவை சிறு குழுக்களில் கிடைத்தவை. எந்த மருத்துவமனையும் இன்று ஸ்கேன் படத்தைப் பார்த்து இ.சி.டி. பற்றி முடிவெடுப்பதில்லை. இதற்கென்று தனியாகச் செலவு செய்து ஸ்கேன் எடுக்கச் சொன்னால், எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள். மூளையில் கட்டி போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்ய எடுப்பதானால் அது வேறு விஷயம்.

சிகிச்சைக்குச் சம்மதிப்பதற்கு முன் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மின்முனையை எங்கே வைக்கப்போகிறார்கள், ஏன் அந்த முறை என்று கேளுங்கள். எத்தனை அமர்வு, முன்னேற்றத்தை எப்படி அளப்பார்கள், அமர்வுகள் முடிந்தபின் எந்த மருந்து என்பவற்றையும் கேளுங்கள். தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ சாப்பிட்டுவந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவை வலிப்பு எழுவதைத் தடுக்கும். அமர்வுகள் தொடங்கும் முன்பே நினைவாற்றலைச் சோதித்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். முன்பு எப்படி இருந்தது என்ற குறிப்பு இல்லாமல் பின்னால் எது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, நாங்கள் செய்யத் தவறிய ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் நடந்தவற்றை நோயாளியும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். யார் வந்தார்கள், எந்த விசேஷத்துக்குப் போனோம், யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம், சாவியை எங்கே வைத்திருக்கிறோம் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். முடிந்தால் அவருடைய கையெழுத்திலேயே எழுதவையுங்கள்.